கோயிலுக்குள் போன ஹெல்மெட்

மாரிக்கனிக்கு ஒரு கேள்வி ஆகவே ஆகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பொம்பளை கேட்டாலும் சரி, காலேஜில் சேர்ந்த அன்றைக்கு மேடம் கேட்டாலும் சரி, ‘எந்த ஊரு?’ என்று காதில் விழுந்த மாத்திரத்தில் அவளுக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கேள்வி ஊரோடு நிற்காது. ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்று வரும். தெருவை மழுப்பினால் யார் வீட்டுப் பிள்ளை என்று வரும். அதிலும் சிக்கவில்லை என்றால், எந்தச் சாமி கும்பிடுவீங்க என்று பக்தியாகக் கேட்பார்கள். இத்தனை சுற்றுக்கு நேரடியாகவே கேட்டுத் தொலைக்கலாம். ஆனால் நேரடியாகக் கேட்பது நாகரிகமில்லையாம்.

அப்படிப்பட்டவள் ஒரு கடை போட்டாள். கடைக்கு வந்த போன்களில் பாதி அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தன.

கடை என்றால் ஷட்டரும் கல்லாவும் வைத்த கடை இல்லை. செல்போனுக்குள் இருக்கிற கடை. பெயர் ‘மறுஆட்டம்’. கிரிக்கெட் மட்டை, பேடு, வாலிபால் நெட்டு, ஸ்பைக் ஷூ, கேரம் போர்டு என்று வீட்டில் சும்மா கிடக்கிற விளையாட்டுச் சாமான் எதுவானாலும் போட்டோ எடுத்து அதில் ஏற்றலாம். வேண்டியவர்கள் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். திருச்சுழி, நரிக்குடி, பரளச்சிப் பக்கம் டீம் இல்லாத ஊர் கிடையாது. கண்மாய் காய்ந்து கிடக்கிற மாதங்கள்தான் அங்கே அதிகம். காய்ந்த கண்மாய்தான் கிரவுண்டு. ஒரு ஊரில் டீம் கலைந்து பையன்கள் திருப்பூருக்குப் போயிருப்பார்கள், பேடையும் கிளவுசையும் எலி தின்றுகொண்டிருக்கும். நாலு மைல் தள்ளி இன்னொரு ஊரில் ஒற்றைக் காலுக்கு மட்டும் பேடு கட்டிக்கொண்டு ஒருத்தன் கார்க் பந்துக்கு முன்னால் நிற்பான். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு ஆள் இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைச் செய்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கையில் கவர்மெண்டு கொடுத்த இலவச லேப்டாப்பிலேயே உட்கார்ந்து முழுசையும் எழுதி முடித்தாள்.

உட்கார இடம் கொடுத்தது ஷர்மிளா பானு. காலேஜில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். அவளுடைய அண்ணன் இலியாஸ் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். அவன் சவுதிக்குப் போன பிறகு கடை ஷர்மிளா கைக்கு வந்தது. ரீசார்ஜும் டெம்பர் கிளாசும் முன்பக்கம். பின்பக்கத்து மேசை மாரிக்கனிக்கு.

வீட்டில் அம்மா முத்துலட்சுமி கெடு வைத்திருந்தாள். “பொங்க வரைக்கும் பாப்பேன். அது நின்னுச்சுன்னா உன் சாமர்த்தியம். நிக்கலைன்னா மூட்டையக் கட்டிட்டு உங்க சித்தி மக போற மெட்ராஸுக் கம்பெனிக்குப் போயிரு. போன்ல பேசுற வேலதானாம். இங்க நீ ஓசியில பேசுறதுக்கு அங்க சம்பளம் குடுக்காக.” கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை அது. நினைத்தாலே மாரிக்கனிக்கு மூச்சு முட்டியது. இந்தக் கடை நின்றாக வேண்டும். அவளுக்கு வேறு வழி இல்லை.

ஆரம்பத்தில் ஒவ்வொரு சாமானுக்குக் கீழேயும் ஊர் என்று ஒரு இடம் விட்டிருந்தாள். பக்கத்து ஊர் என்றால் பைக்கில் போய் வாங்கிக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம்தான் அவளைப் படுத்தியெடுத்தது.

“தங்கச்சி, அந்தக் கீப்பர் கிளவுசு வெள்ளூரணின்னு போட்டிருக்கே. ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?”

“எந்தப் பக்கம்ணே?”

“அட, அந்தப் பக்கந்தாம்மா. ஒனக்குத் தெரியாதா?”

“கிளவுசுல ரெண்டு பக்கந்தாண்ணே இருக்கு. வலது கை ஒண்ணு, இடது கை ஒண்ணு.”

போன் கட்டாகிவிடும். அவள் எழுந்து கடைக்குள் நாலு எட்டு நடப்பாள், திரும்புவாள், மறுபடி நடப்பாள். ஷர்மிளா கஸ்டமருக்குச் சிம் போட்டுக்கொண்டே சொல்லுவாள்: “ஏ மாரி, தரை தேயுது. எங்கண்ணன் டைல்ஸ் காசு கேப்பான்.”

வேடிக்கை என்னவென்றால் மட்டை விற்றது. நெட்டும் விற்றது. காலனிப் பையன் வைத்திருந்த கேரம் போர்டைக்கூட ஊருக்குள் இருந்து ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஹெல்மெட், பேடு, கிளவுஸ் மூன்றும்தான் நகரவில்லை. மரத்தைத் துடைத்தால் போதுமாம். வேர்வை ஊறிய சாமானுக்கு மட்டும் ஜாதகம் பார்த்தார்கள்.

ஒரு நாள் கோபத்தில் உட்கார்ந்து ஊர் என்ற இடத்தையே தூக்கிவிட்டாள். இனிமேல் விற்கிறவர்கள் எல்லோரும் சாமானைக் கடையில் கொண்டுவந்து போட வேண்டும். மாரிக்கனியும் ஷர்மிளாவும் டெட்டால் தண்ணீரில் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, பாலிதீன் கவரில் போட்டு அடுக்குவார்கள். வாங்குகிறவன் அருப்புக்கோட்டைக்கு வந்து எடுத்துக்கொண்டு போவான். எந்த ஊர் என்று கேட்டால் அருப்புக்கோட்டை. பொய்யுமில்லை. அந்த மாதமே ஹெல்மெட்டும் பேடும் விற்கத் தொடங்கின. ஊர் இல்லாமல் போனதும் எல்லாம் சுத்தமாகிவிட்டன.

அவளுடைய சொந்த ஊரான வெள்ளூரணிக் காலனியிலிருந்தும் ஒரு கிட் வந்தது. அண்ணன் செல்வக்குமார் கொண்டுவந்து போட்டான். மில்லில் வேலை பார்ப்பவன். காலனி டீமுக்கு அவன்தான் கேப்டன். பதினோரு பேரில் பாதிக்கு மேல் வெளியூர் போய்விட, மிச்சம் இருந்தவர்கள் டென்னிஸ் பந்துக்கு மாறிவிட்டார்கள். டென்னிஸ் பந்துக்கு ஹெல்மெட் எதற்கு? மூன்று ஜோடி பேடு, கிளவுஸ், வலது பக்கத்துக் கம்பி வளைந்து அதைக் காப்பர் ஒயரால் இழுத்துக் கட்டிய ஒரு ஹெல்மெட். எல்லாவற்றையும் கோணிப்பையில் கட்டி வந்தவன், ஹெல்மெட்டை மட்டும் கையில் வைத்திருந்தான்.

அந்தக் கிட்டை முழுசாக வாங்கிக்கொண்டு போனவன் விஜயபாண்டி. வெள்ளூரணிக்கு அடுத்த ஊரான அரசங்கண்மாயில் டீம் கேப்டன், ஜேசிபி ஓட்டுகிறான். கடையில் இருப்பது இன்னார் மகள் என்று அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து நன்றி என்று எழுதி ஒரு போட்டோ அனுப்பினான்.

புதுச் சாமான் எதுவானாலும் முதல் மேட்சுக்கு முன்னால் ஊர்க் கோயிலில் வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து டீம்களின் வழக்கம். அரசங்கண்மாயில் கருப்பசாமி. போட்டோவில் சாமிக்கு இரண்டு பக்கமும் பேடுகள் காவலுக்கு நிற்பதுபோல் நின்றன. நடுவில், சூடத் தட்டுக்குப் பின்னால், மாலை போட்டுச் சந்தனம் அப்பிய ஹெல்மெட். வளைந்த கம்பியும் காப்பர் ஒயரும் பளிச்சென்று தெரிந்தன.

மாரிக்கனி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள். என்னடி என்று வந்த ஷர்மிளாவிடம் போட்டோவைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். ஷர்மிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“யா அல்லா. அழிச்சிருடி.”

“அழிக்கவா? முதல் பக்கத்துல போடப்போறேன்.”

போட்டாள். ‘அரசங்கண்மாய் அணி எங்களிடம் வாங்கியது’ என்று கீழே ஒரு வரியும் எழுதினாள். அந்தப் போட்டோ கடையைத் தூக்கி நிறுத்தியது. கருப்பசாமி முன்னால் வைத்துக் கும்பிட்ட சாமான் என்றால் நம்பி வாங்கலாம் என்று நரிக்குடியிலிருந்தும் பாலவனத்தத்திலிருந்தும் போன் வந்தது. போன் வரும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பழி தீர்த்த மாதிரி ஒன்று.

ஐப்பசி பாதி போயும் மழை இல்லை. தினமும் மேகம் கூடும், புழுங்கும், அப்படியே கலைந்து போகும். கண்மாய் காய்ந்தே கிடந்ததால் மேட்சுகள் நடந்துகொண்டே இருந்தன. அப்படி ஒரு புழுக்கமான மத்தியானத்தில் விஜயபாண்டி கடைக்கு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தங்கச்சி, ஒரு சிக்கலாயிருச்சு. நேத்து எங்க மேட்சுக்கு உங்க அண்ணந்தான் அம்பயரு.”

அவளுக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது.

“நான் அவுட்டாகி வந்து ஹெல்மெட்டக் கழட்டிக் கீழ வைக்கேன். அவன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கான். ஏலே, இது நம்ம ஹெல்மெட்டுல்ல, இந்த ஒயரு நாங் கட்டுனதுல்லங்கான். ரெண்டு டீமும் நிக்குது. சந்தோசத்துல சொல்லிட்டான், அவன் மேல குத்தமில்ல. சாயந்தரத்துக்குள்ள எங்க டீக்கடை வரைக்கும் வந்துருச்சு. கூடவே நீ அவன் தங்கச்சிங்கிறதும் வந்துருச்சு.”

“சரிண்ணே. அதுக்கு என்ன?”

“கோயில்ல வச்சோம்ல.”

“வச்சா?”

விஜயபாண்டி சுவரைப் பார்த்தான். “தெரியாத மாதிரிக் கேக்காத தங்கச்சி. கோயிலக் கழுவணும்பாக, கலசம் வைக்கணும்பாக. அது கெடக்கட்டும். எங்கய்யாகிட்டக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி வாங்க மாட்டாக. வரி வாங்கலைன்னா ஊர்ல நாங்க இல்லைன்னு அர்த்தம். எந் தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம்.”

“ஹெல்மெட்டத் திருப்பித் தரணுமா? எடுத்துக்கிறேன்.”

“ச்சே, அதெதுக்கு?” அவன் பதறினான். “ராசியான ஹெல்மெட்டு. அதப் போட்ட முத மேட்சுலயே எழுவது அடிச்சேன்.”

மாரிக்கனி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“நாளைக்கு முத்துராஜ் மாமா இங்க வாராக. கோயில் கமிட்டித் தலைவரு. அவுக கேட்டா, மதுரைலருந்து வந்த சாமான்னு ஒரு வார்த்த சொல்லிரு. அம்பயரு ஆளு மாத்திச் சொல்லிட்டாப்லன்னு நாங்க பேசிக்கிறோம். இந்தப் பக்கத்து டீம் பூராத்தையும் உன் கடைக்கு நாங் கொண்டாந்து விடுறேன், பாரு.”

“சொல்லலைன்னா?”

“பேரு கெட்டுப்போகும்ல தங்கச்சி. இவ கடையில எதெதோ கலந்து கெடக்குன்னு ஆயிருச்சுன்னா அப்புறம் ஒரு பய வாங்க மாட்டான்.”

“எதெதோன்னா என்னண்ணே?”

அவன் வாசலில் நிறுத்திய பைக்கைப் பார்த்தான். போகும்போது, அந்தப் போட்டோவையும் எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ஷர்மிளா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லிட்டுப் போயேன்டி. ஒத்த வார்த்த. வியாபாரத்துல பொய் சொல்லாதவ யாரு? எங்கண்ணன் சைனா டிஸ்ப்ளேய ஒரிஜினல்னு வித்துத்தான் விசா எடுத்தான்.”

“அது டிஸ்ப்ளே.”

“இது ஹெல்மெட்டு. என்ன பெரிய வித்தியாசம்?”

“இது எங்கண்ணன் தலைடி.”

 ஷர்மிளா, தனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னாள்: “ஊரத் தூக்குனது நீதான? அது மட்டும் என்னவாம்? பொய் சொல்லல, சரி. மறைச்ச. மறைச்சு வித்தா விக்குதுன்னதும் ஒனக்குக் கசக்கவா செஞ்சுச்சு? இப்ப மதுரைங்கிறதுக்கு மட்டும் ரோசம் வருது.”

மாரிக்கனி லேப்டாப்பை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.  அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. வந்த போனை எடுத்துவிட்டு என்ன பேசினோம் என்று மறந்தாள். நரிக்குடிக்காரனுக்கு எடுத்துவைத்த பேடை யாருக்கோ கவர் போட்டாள். சாயந்தரம் திருச்சுழி பஸ்ஸில் சீட்டு இருந்தும் உட்காராமல் படியருகே நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் அண்ணன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். குளித்துவிட்டு வாசலில் நின்றவன், அவளைக் கண்டதும் தலையைத் துவட்டுவதை நிறுத்தினான்.

“விஜயபாண்டி வந்தானா?”

“வந்தாரு.”

“சொல்லிரு. மதுரைன்னே சொல்லிரு. நான் என்னமோ பாத்த சந்தோசத்துல உளறிட்டேன்.”

உள்ளே அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “மதுரைன்னு சொன்னா மதுர என்ன கோவிச்சுக்கிடவா போகுது? நூறு நாள் வேலை இல்லாதப்ப அரசங்கண்மாய்க்காரக காட்டுலதான்டி மொளகாப்பழம் எடுக்கேன். நாளைக்கு எம் மொகத்துல முழிப்பாகளா? நீ பாட்டுக்கு வெடுக்குனு எதையாவது சொல்லி வச்சிராத.”

மாரிக்கனி அண்ணனைத்தான் கேட்டாள். “நம்ம ஹெல்மெட்டுன்னு சொன்னது உளறலாண்ணே?”

செல்வக்குமார் துண்டை உதறிக் கொடியில் போட்டான். மறுபடி எடுத்தான். “அத விடு.”

“இல்ல, சொல்லு. உளறலா?”

“எம்மா, சோத்தப் போடும்மா,” என்றபடி அவன் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் கடை வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. முத்துராஜ் இறங்கினார். அறுபது வயது இருக்கும். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் செல்போன். பின்னால் விஜயபாண்டி, கல்யாண வீட்டுக்கு வந்த கடன்காரன் மாதிரி ஒடுங்கி வந்தான். ஷர்மிளா போட்ட நாற்காலியில் முத்துராஜ் உட்கார்ந்து, கடையைச் சுற்றிப் பார்த்தார். அதட்டல் இல்லை, முறைப்பு இல்லை. பெண் பார்க்க வந்தவரைப்போல் அவ்வளவு மரியாதையாக இருந்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நீதான் அந்தக் கடைக்காரப் புள்ளையாம்மா? என்ன படிச்சிருக்க?”

“பி.எஸ்சி. கம்ப்யூட்டரு.”

“சந்தோசம். பொம்பளப் புள்ளைக படிச்சு முன்னுக்கு வரணும்.” போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். “எங்கூர்ப் பயலுகளுக்கு ஒரு ஹெல்மெட்டு குடுத்திருக்க. டீக்கடையில ஆளுக்கு ஒண்ணு பேசிக்கிட்டு அலையிறாங்க. ஒன்னையவே கேட்டுருவோம்னு வந்தேன். அது எங்கருந்து வந்துச்சும்மா?”

மதுரை என்ற சொல் அவள் வாய்க்குள் தயாராக இருந்தது. விஜயபாண்டி மேல்சுவரைப் பார்த்தபடி நின்றான்.  ஷர்மிளா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். மதுரை என்றால் கடை நிற்கும். அம்மா மிளகாய்க் காட்டுக்குப் போவாள். இவன் தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்கும். பொங்கல் வரைக்கும் என்ன, அடுத்த பொங்கலுக்கும் இந்த மேசை இருக்கும். அண்ணன் மட்டும் உளறினவன் ஆவான்.

“வெள்ளூரணிலருந்து,” என்றாள். “வெள்ளூரணிக் காலனி. எங்கண்ணன் செல்வக்குமார் போட்ட ஹெல்மெட்டு. அஞ்சாறு வருசம் அவந்தான் போட்டான். அவனுக்குத் தலையெல்லாம் வேர்த்து ஊத்தும். அதுக்கு முன்னாடி எங்க சித்தப்பா மகன் போட்டான்.”

ஷர்மிளாவின் கால் விலகியது. விஜயபாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

முத்துராஜ் அசையவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தை மெதுவாகத் துடைத்தார்.

“மதுரைலருந்து வந்த சாமான்னு கமிட்டில சொல்லிட்டேம்மா,” என்றார்.

“எப்ப?”

“காலைலயே.”

மாரிக்கனிக்கு முதலில் விளங்கவில்லை. “அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?”

“நேர்ல போயி விசாரிச்சேன்னு இருக்கணும்ல. நாலு பேருக்குச் சொல்ல வேணாமா?” சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் பொறுமையாகச் சொன்னார். “கோயில அடைச்சா கொடை நிக்கும். கொடை நின்னா எதுக்கு நின்னுச்சும்பான். நீயும் படிச்ச புள்ள, நாளைக்கு ஒருத்தன் கேஸு கீஸுன்னு ஒன்னைய ஏத்திவிடுவான். எதுக்கு இம்புட்டும்? நீ சொன்னதச் சொன்ன. நான் கேட்டதக் கேட்டேன். அது இந்த நாலு சொவத்துக்குள்ள கெடக்கட்டும். பயலும் நல்லா ஆடுறான்.”

இதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. கத்துவார், நாற்காலியை உதைப்பார், ஹெல்மெட்டைக் கொண்டுவந்து எறிவார் என்று என்னென்னவோ நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். அடி விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளின் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அவள் எல்லாவற்றையும் பணயம் வைத்துச் சொன்ன உண்மையை அவர் வெற்றிலைபோல் மடித்து வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

“அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துரும்மா,” என்று எழுந்தார்.

“எடுக்க மாட்டேன்.”

அவர் நின்றார். இந்த முறை முகம் மாறியது. “ஏன்?”

“எங்கப்பா பால்ச்சாமி. உங்க கோயில் கொடைக்கு வருசா வருசம் பந்தக்கால் ஊன்றது அவருதான். கேட்டுக்கு வெளிய நின்னுதான் திருநீறு வாங்குவாரு. அவரு போகாத எடத்துக்கு எங்க வீட்டு ஹெல்மெட்டு போயிருக்கு. அது போனதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். மதுரைல எனக்கு யாரும் இல்ல.”

“பால்ச்சாமி மகளா நீ?” அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு நேரம் இருந்த மரியாதை அந்தப் பார்வையில் இல்லை. “சரி. பால்ச்சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

கார் போய்விட்டது. விஜயபாண்டி மட்டும் ஒரு கணம் பின்தங்கி நின்றான். தப்பித்துவிட்ட தெம்பு அவன் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. “நல்லவேள தங்கச்சி, மாமா பெரிய மனசு பண்ணிட்டாக. அந்தப் போட்டோவ எடுத்துட்டா உனக்கும்…”

“போயிருங்கண்ணே,” என்றாள் மாரிக்கனி. “நாக்குல வேற என்னமோ வருது. போயிருங்க.”

அவன் போனான்.

அவளால் உட்கார முடியவில்லை. நின்றபடியே அப்பாவுக்குப் போன் போட்டாள். கல்யாண வீட்டில் பந்தல் வேலையில் இருந்தார்; தகரம் மோதுகிற சத்தத்துக்கு நடுவே ‘என்னத்தா’ என்றார். அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். முத்துராஜ் பேச வருவார் என்பதையும் சொன்னாள். மறுமுனையில் யாரிடமோ ஏணியைப் பிடிக்கச் சொன்ன குரல் கேட்டது. தகரச் சத்தம் குறைந்தது. தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும்.

“அந்தப் போட்டாவுல சாமி தெரியுதாத்தா?”

“என்னப்பா?”

“சாமி. கருப்பசாமி. மொகம் தெரியுதா? வெளிய நின்னா அந்தத் தூணு மறைக்கும். அருவா மட்டுந்தான் தெரியும்.”

மாரிக்கனி போட்டோவைத் திறந்து பார்த்தாள். இத்தனை நாள் ஹெல்மெட்டை மட்டுமே பார்த்திருந்தாள். பின்னால் சாமி உருண்ட கண்ணும் முறுக்கிய மீசையுமாக நின்றது.

“தெரியுதுப்பா.”

“அப்பச் சரி. அனுப்பிவிடு, பாப்பம்,” என்றார். பிறகு, “அவுக பேசட்டும். நான் எத்தனையக் கேட்டிருக்கேன். வேலை கெடக்கு, வைக்கேன்,” என்று வைத்துவிட்டார்.

போட்டோவை அனுப்பினாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாமியின் முகத்தைப் பார்க்க ஒரு மனுஷனுக்கு ஹெல்மெட் விற்க வேண்டியிருக்கிறது. யார்மேல் அந்த ஆத்திரம் என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. முத்துராஜ் மேல் பாதி என்றால், ஊரைத் தூக்கிவிட்டுச் சாமர்த்தியம் என்று குறுகுறுத்துக்கொண்டிருந்த தன் மேல் மீதி.

லேப்டாப்பைத் திறந்தாள். தூக்கிய இடத்தைத் திரும்ப வைத்தாள். ஊர். அதற்குப் பக்கத்தில் தெரு. ஷர்மிளா தோளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

“விக்காதுடி.”

“தெரியும்.”

“பொங்கலுக்கு முன்னாடியே உங்கம்மா மூட்டையக் கட்டிருவாக.”

“கட்டட்டும். மெட்ராஸுக்குப் போனாலும் எந்த ஊர்லருந்து வந்தேன்னு சொல்லிட்டுத்தான் உள்ள நுழைவேன்.”

“உன் ஊர நீ போடு. மத்தவங்க ஊர நீயாப் போடலாமா? ஒருத்தன் மறைக்கணும்னு நெனைப்பான். அவன் பொழப்பு.”

அது நியாயமாகத்தான் இருந்தது. மாரிக்கனி விரலை எடுத்தாள். கோபத்தில் ஒரு தடவை கேட்காமல் செய்தது போதும். விற்கிறவர்கள் ஒவ்வொருத்தரிடமும் போன் போட்டுக் கேட்க வேண்டும். போடு என்பவனுக்குப் போட வேண்டும், வேண்டாம் என்பவனுக்கு விட வேண்டும். முதலில் அண்ணனைக் கூப்பிட்டாள். மில்லில் மதியச் சாப்பாட்டு நேரம்.

“அண்ணே, அந்த ஹெல்மெட்டுப் போட்டோவுக்குக் கீழ ஊர் போடப்போறேன். உன் பேரும். போடவா, வேணாமா?”

இழைப் பஞ்சு தொண்டையில் மாட்டியதுபோல் அவன் இருமினான். ரொம்ப நேரம் இருமினான்.

“வெள்ளூரணின்னு மட்டும் போட்டா ஊருக்குள்ளதுன்னு நெனச்சுக்கிருவானுக,” என்றான். “காலனின்னும் சேத்துப் போடு.”

அவள் அடித்தாள். ஷர்மிளா ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் போனை எடுத்தாள். “அடுத்தவன் நம்பரச் சொல்லு,” என்றாள்.